பட்டு சாப்பிட மாட்டேன் என்கிறது

போன மாதம் ஒரு காலை, காபி டம்ளரோடு மீன் தொட்டி முன்னால் நின்றேன். பட்டுவின் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். உப்பைத் தூவினாற்போல இருந்தது. கடல் மீன், உப்புத் தண்ணீர்... உப்புதான் ஒட்டியிருக்கிறது என்று முடிவு செய்து, பேப்பர் படிக்கப் போய்விட்டேன்!

நம் அறிவு அவ்வளவுதான்.

பட்டு என் மனைவி சித்ராவின் மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளௌன் மீன். ஸ்கூல் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும், மாடம்பாக்கம் வீட்டு ஹாலில் கடல்நீர்த் தொட்டி வைத்தாள். மற்றவர்கள் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் இவள் வாளியில் உப்புக் கரைத்துக்கொண்டிருப்பாள். இப்போது டல்லஸில் இருக்கிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பொங்கல் போயே போய்விட்டது. கேட்டால், பேத்திக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லையாம்!

ஆக, வீட்டில் நானும் பட்டுவும்தான். நான் ஒரே ரசத்தை வைத்து இரண்டு வேளை ஓட்டினேன். பட்டு தொட்டிக்குள் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. மீனைப் பார்த்துத்தான் பாவப்பட்டேனா? உங்களிடம் மறைப்பானேன்... சித்ரா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

கீழ்க்கட்டளை வளர்ப்பு மீன் கடைக்குப் போய், பட்டுவுக்குத் துணையாக அதே வகையில் ஒரு குட்டி வாங்கினேன். கடைக்காரர் சலீம் பாய் படித்துப் படித்துச் சொன்னார்.

"சார், இது புதுசு. கொஞ்ச நாள் தனியா வேற தண்ணில வெச்சுப் பாருங்க. உடனே பெரிய தொட்டில வுட்றாதீங்க."

தலையை நன்றாக ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. முதன்முதலாக வீட்டுக்கு வந்தவரை வாளியிலா உட்கார வைப்பது? அது நம் வழக்கமா? கையோடு பெரிய தொட்டியில் விட்டேன். இரண்டும் சேர்ந்து நீந்தியதைப் பார்த்து எனக்கே அன்று நல்ல தூக்கம் வந்தது.

துணையோடு வியாதியும் உள்ளே போயிருந்தது. 'உப்பு' நாளுக்கு நாள் கூடவே, போட்டோ எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிஷம் பாய் போனில் வந்தார்.

"இன்னா சார் நீங்க, சொல்ல சொல்ல கேக்காம! உப்பு இல்ல சார், ஒட்டுண்ணி. மீனைத் தின்னுகினு கீது. ரெண்டையும் எடுத்து சின்னத் தொட்டில வுட்டு காப்பர் மருந்து போடுங்க. பெரிய தொட்டில ஊத்திடாதீங்க, உள்ள இருக்குற இறால் செத்துப் பூட்ச்சுன்னா பேஜாரு."

"பெரிய தொட்டியை என்ன பண்றது பாய்?"

"மீன் இல்லாம ரெண்டு மாசம் சும்மா ஓடட்டும். ஒட்டிக்க உடம்பு கெடைக்காம அதுவா செத்துடும்."

ஓடுகிறது. மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் லைட் போடுகிறேன், அணைக்கிறேன். மோட்டார் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறது. சித்ராவின் அலமாரியையும் இப்படித்தான் அவ்வப்போது திறந்து காற்றாட விடுகிறேன்.

சின்னத் தொட்டியில் மருந்து வேலை செய்தது. புள்ளிகள் குறைந்தன. வியாதியைக் கொண்டுவந்த புது ஆசாமி போட்டதையெல்லாம் ஒரு கட்டு கட்டினான். பட்டுவோ ஓரமாக நின்றது, வாயே திறக்கவில்லை. வயிறு ஒட்டிப்போயிற்று. இப்படியே பட்டினி கிடந்தால் மருந்து போட்டும் பிரயோஜனம் இல்லை என்று பாய் கையை விரித்தார்.

சித்ரா வருவதற்குள் அது போய்விட்டால்? வீடியோ காலில் "பட்டுவைக் காட்டுங்க" என்பாள். "நெட் சரியில்லை" என்பேன். அதற்கு மேல் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். மடியில் பேத்தியை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, வளையலைத் தட்டினீங்களா?"

"வளையலா?"

"சாப்பாடு போடறதுக்கு முன்னாடி கண்ணாடியில வளையலால தட்டுவேன்ல? பெரிய தொட்டியில கீழ விழறதைப் பொறுக்கித் தின்னுருக்கும்; புது இடத்துல பயந்து நின்னா, அந்தச் சத்தம் வந்தாத்தான் அது மேல வரும். இத்தனை வருஷமா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க... காதுல விழலையா?"

விழுந்திருக்கிறது. தினமும் காலையில் அவள் சமையலறையிலிருந்து வந்ததும், பேப்பருக்குப் பின்னால் இருந்த என் காதில். எதற்கு என்றுதான் விசாரித்ததில்லை.

அலமாரியைத் திறந்து அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து வந்தேன். என் விரலில் மாட்டிக்கொண்டு, சின்னத் தொட்டியின் ஓரத்தில் மெல்லத் தட்டினேன். டிங்... டிங்...

பட்டு திரும்பியது. தயங்கித் தயங்கி மேலே வந்து, ஒரு வாய் கவ்வியது. "வந்துடுச்சா? வந்துடுச்சா?" என்று சித்ரா போனுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

வளையல் சத்தம் கேட்டதும், நானும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.