மூன்றாவது துண்டு

காலை பதினோரு மணிக்கு, சட்டைக்குக் காலர் தைக்கிற காலர்க்காரியின் மெஷினில் ஊசி உடைந்தது.

ஊசி உடைவது ஒன்றும் உலக அதிசயமில்லை. நாற்பது தையல் மெஷின் ஓடுகிற கம்பெனி வரிசையில் நாளைக்கு நாலு உடையத்தான் செய்யும். ஆனால் அங்கே தைப்பது கைக்குழந்தைகள் போடுகிற சட்டை. அதனால் ஒரு கட்டளை உண்டு. உடைந்த ஊசியின் துண்டுகளையெல்லாம் தேடிப் பிடித்து, ஒரு தாளில் ஒட்டி, முழு ஊசியாகக் காட்ட வேண்டும். காட்டினால்தான் ஊசிப்பெட்டிக்குக் காவல் இருக்கும் ஊசியம்மா புது ஊசி தருவாள். ஒரு துணுக்குக் குறைந்தாலும் வரிசை நிற்கும். கடைசிவரை கிடைக்காமல் போனால் அன்று தைத்த சட்டை அத்தனையையும் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

ஊசி மூன்றாக உடைந்திருந்தது. மேல்துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு துணியில் தொங்கியது. முனையை மட்டும் காணோம்.

"மூணாவது துண்டு எங்கம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"இங்கதான் சார் இருக்கும். எங்க போயிடப்போகுது" என்று காலர்க்காரி எழுந்து தேடத் தொடங்கினாள். வெறுங்காலோடுதான். மெஷினில் உட்காருகிறவர்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிடுவார்கள். வெறுங்காலால் மிதித்தால்தான் பெடல் சொன்ன பேச்சுக் கேட்கும் என்பது அவர்கள் கட்சி.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம். இவளைப்போல் ஒழுங்காக நோயைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஊரில் பத்துப்பேர் இருந்தால் அதிகம். மாத்திரை ஒருவேளை தவறாது. டீயில் சர்க்கரை கிடையாது. மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும்போது இவள் கட்டடத்தைச் சுற்றி ஏழு ரவுண்டு நடப்பாள். "அக்கா சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தா குருவியே பாவப்பட்டு நாலு பருக்கை போட்டுட்டுப் போகும்" என்று எதிர் மெஷினில் பட்டன் தைக்கும் பட்டன்காரி கிண்டல் செய்வாள். இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் செய்யமாட்டாள். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவளும் தலையை ஆட்டிவிட்டு வருவாள். பார்த்ததே இல்லை.

ஏன் என்று கேட்டால் அவளுடைய அப்பாவிடம் போய் நிற்கும். அவருக்கும் இதே நோய். ஒருநாள் டாக்டர் அவருடைய காலுறையைக் கழற்றிப் பார்த்தார். அடுத்த வாரம் விரல் போனது. அப்புறம் பாதம். மழைக்காலம் முடிவதற்குள் முழங்கால்வரை போய்விட்டது. அப்போது பதினேழு வயதாக இருந்த இவள் மனதில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. காலுறையைக் கழற்றும்வரை அப்பா நடந்துகொண்டுதானே இருந்தார்? பார்க்கப்போய்த்தானே வந்தது வினை? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். இத்தனை கெட்டிக்காரி, இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பூனைதான்.

இரண்டு வருடமாகக் கால் மரத்துக்கொண்டே வந்தது. முதலில் எறும்பு ஊறியது. பிறகு பஞ்சுமேல் நடப்பதுபோல் இருந்தது. இப்போது பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது. மெஷின் போடுகிற சத்தத்தை வைத்துத்தான் வேகத்தைப் பிடிப்பாள். புருஷனிடம்கூட இதைச் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். இவள் இரண்டு காலையும் மறைத்திருந்தாள்.

மேசையடியில் காந்தத்தை இழுத்துப் பார்த்தார்கள். துணிக்கட்டுகளை உதறினார்கள். தைத்த சட்டைகளையெல்லாம் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் அனுப்பினார்கள். அது வாயே திறக்கவில்லை. காலர்க்காரி குனிந்து, நிமிர்ந்து, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாலு தடவை நடந்துவிட்டாள்.

அப்போதுதான் பட்டன்காரி தரையைக் காட்டிக் கத்தினாள். "சார், இங்க ரத்தம்!"

ஒரு சொட்டுதான். ஆனால் வெள்ளைத் துணி தைக்கிற இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் போதும், ஊரே கூடிவிடும்.

"யாருக்கு ஊசி ஏறிச்சு? எல்லாரும் கையைக் காட்டுங்க!" என்றார் சூப்பர்வைசர்.

நாற்பது பேரும் கையை நீட்டினார்கள். தையல்காரர்களுக்கு ரத்தம் என்றால் விரல்தான். மனிதருக்குக் கால் என்று ஒன்று இருப்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. காலர்க்காரியும் பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன.

"என் கையில ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே தன் இடத்துக்குப் போனவள், ஏதோ நினைப்பில் திரும்பிப் பார்த்தாள். அவள் நடந்து வந்த வழியில் இன்னொரு சொட்டு இருந்தது. மூன்றடி தள்ளி இன்னொன்று. கடைசிச் சொட்டு அவள் வலது குதிகாலுக்குப் பக்கத்தில், இன்னும் காயாமல் கிடந்தது.

ஐயோ, என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். வலிக்கவில்லை. துளிகூட வலிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இரும்பு முனை ஒன்று காலுக்குள் ஏறியிருக்கிறது, கால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து அவள் செய்ததை என்னவென்று சொல்வது! ஓரமாகக் கிடந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெட்டிப்போட்ட துணி ஒன்றைக் கீழே போட்டுத் தரையிலிருந்த சொட்டைத் துடைத்தாள். யாரும் பார்க்காமல் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டால் போதும். அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை. அப்பாவின் மடித்துக் குத்திய பேண்ட் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"நல்லா தேடுங்கடி. சீக்கிரம் தேடுங்க" என்று ஊசியம்மா வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "முறிஞ்ச முனை போன இடத்துல சும்மா இருக்காது. பஞ்சு வெச்சுத் தைக்கும்போது பார்த்திருக்கீங்கல்ல? அசைய அசைய உள்ளே உள்ளே போயிடும். அப்புறம் பிரிச்சுப் போட்டாத்தான் கிடைக்கும்."

காலர்க்காரி எடுத்து வைக்கவிருந்த காலை அப்படியே நிறுத்திக்கொண்டாள். நாலு தடவை நடந்தாயிற்று. செருப்பு வேறு மாட்டி அழுத்தியாயிற்று. இப்போது எவ்வளவு தூரம் போயிருக்கும்? எலும்புவரைக்குமா? ஒரு பயத்தை இன்னொரு பயம் விழுங்கியது. வலது காலைத் தரையில் ஊன்றாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், பட்டன்... இங்க வா."

"என்னக்கா? முகத்துல ஈயாடலையே, சர்க்கரை இறங்கிடுச்சா? மிட்டாய் தரவா?"

"அதெல்லாம் இல்ல. என் காலைப் பாரு. எனக்குப் பார்க்க பயமா இருக்கு."

பட்டன்காரி அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, தரையில் சம்மணம் போட்டு, அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காலர்க்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். செருப்பு கழன்றது கேட்டது.

"அடியாத்தி! இங்க இருக்குக்கா ஊசி! குதிகால்ல பளபளன்னு தெரியுது. சார்... மூணாவது துண்டு கிடைச்சிடுச்சு!" என்று கூவியவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அக்கா... பெருவிரலுக்குக் கீழ இது என்னது? கறுப்பா, ஓரமெல்லாம் வெள்ளையா... இது இன்னைக்குப் பட்டது இல்லையே. இது எப்போலேருந்துக்கா இருக்கு?"

காலர்க்காரிக்குத் தெரியவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம். இவள் புண் இருந்தது காலில். நாள்கணக்கா, வாரக்கணக்கா, யார் கண்டது?

"எனக்குக் காலு மரத்துப்போச்சுடி" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. "ரெண்டு வருஷமா. யார்கிட்டயும் சொல்லல."

சூப்பர்வைசர் வண்டியை எடுத்து வரச் சொல்லி ஓடினார்.

கிளினிக்கில் பட்டன்காரி அவள் கையை விடவே இல்லை. டாக்டர் இடுக்கியால் முனையை இழுத்தார். அரை விரல்நகம் நீளம்கூட இல்லை. "வலிக்குதாம்மா?" என்றார். "இல்ல டாக்டர்." அந்த இல்லையைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

"டாக்டர், அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று பட்டன்காரி அவசரமாகச் சொன்னாள். "தாள்ல ஒட்டணும். இல்லன்னா ஊசியம்மா எங்களை உரிச்சிடுவாங்க." நர்ஸ் சிரித்துவிட்டாள். காலர்க்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் இப்போது பெருவிரலுக்குக் கீழே குனிந்திருந்தார்.

"டாக்டர், வெட்டணுமா?"

"கொஞ்சம் இருங்கம்மா."

"எங்கப்பாவுக்கு முதல்ல விரல்தான் எடுத்தாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சுது. சொல்லிடுங்க டாக்டர். எவ்வளவு தூரம் எடுப்பீங்க?"

அவர் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். கறுத்த தோலைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, அது தன் கால் இல்லை என்பதுபோல் கிடந்தாள். அவர் கருவி புண்ணின் அடிவரை இறங்கியது.

"அம்மா!"

அவள் போட்ட கூச்சலில் பட்டன்காரி கையை உதறிவிட்டாள். டாக்டர் நிமிர்ந்தார்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது டாக்டர்."

"நல்லது. நாடியும் ஓடுது, அடியில உணர்வும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. மெனக்கெட்டா காலைக் காப்பாத்திடலாம். இன்னும் பத்து நாள் விட்டிருந்தீங்கன்னா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

காலர்க்காரி முழங்கையை ஊன்றி எழுந்தாள். நர்ஸ் படுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்க, ஆறு வருடத்தில் முதல்முறையாகத் தன் உள்ளங்காலைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை அழுத்துங்க டாக்டர்" என்றாள். "நிஜமாவே வலிக்குதான்னு பார்க்கணும்."