கோப்பை உச்சியில் இருந்த பந்து

திருச்சுழி வட்டாரக் கால்பந்துப் போட்டி நின்றுபோனபோது, கடைசியாக ஜெயித்த பரளச்சி அணிக்கு என் கணவர்தான் கேப்டன். அடுத்த வருடம் திருப்பித் தர வேண்டிய பித்தளைக் கோப்பை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆயுத பூஜைதோறும் புளி போட்டுத் துலக்கி, உச்சியில் இருந்த பந்துக்குப் பொட்டு வைப்பேன்.

போன மாதம் திருச்சுழி இளைஞர்கள் சிலர் வந்தார்கள்.

"அண்ணே, திரும்பப் போட்டி நடத்தப் போறோம். கோப்பையைத் தாங்க."

என்ன விளையாட்டு என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் கண் கலங்க எடுத்துக் கொடுத்தார்.

போட்டியன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். அங்கே கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கோப்பை உச்சியில் இருந்த பந்தை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன மட்டையைப் பற்றவைத்திருந்தார்கள்.

"ஏப்பா, இதுல இருந்த பந்து எங்க?"

"பழைய இரும்புக் கடையில போட்டாச்சுண்ணே."

இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும், எதற்கென்று விசாரிக்காமல் கொடுப்பதில்லை. ஆனால், கேட்டு வர எங்கள் வீட்டில் இனி என்ன இருக்கிறது?