மல்லிகா உட்கார்ந்த இரண்டு சாக்குகள்

நேற்று மழையில் நனைந்து போய், அரிசிக்கடை வாசலில் மிதியடியாகக் கிடந்த சாக்கில் காலைத் துடைத்தேன். ஈரச் சணல் வாசனை. கூடவே மல்லிகாவும் அஞ்சலையும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்போது எனக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. எதிர் நடைபாதையில் மல்லிகா கீரை விற்றார். ஒட்டினாற்போல் அஞ்சலை, வாழைப்பூவும் தண்டும். ஆளுக்கொரு சாக்கு, அதுதான் கடை. கழிப்பறை கிடையாது. அதனால் மதியம் வரை இருவரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கீரைக்கு மட்டும் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். எந்தக் கிழமை மழை பிடித்தது, எப்போது விட்டது என்றெல்லாம் டைரியில் குறிக்கிற பைத்தியம் எனக்கு. இதைக் குறிக்க மட்டும் வெகுநாள் தோன்றவில்லை.

அங்கே ஒரு வழக்கம். ஒருத்தி எழுந்து போனால், பக்கத்தில் இருப்பவள் அந்தச் சாக்கின் நுனியில் ஒரு காலை நீட்டி வைத்துக்கொள்வாள். போலீஸ்காரர் வந்து "யார் கடை இது?" என்றால் "நாந்தாங்க" என்பாள். இடம் காலியாகத் தெரிந்தால் யாராவது கூடையை இறக்கிவிடுவார்கள்.

ஆனியில் குறுவை நடவுக்கு அஞ்சலை திருவையாற்றுப் பக்கம் போய்விடுவார். அந்த வருஷமும் போனார். திங்கட்கிழமை மாநகராட்சி ஆட்கள் வந்து நடைபாதையை டேப் பிடித்து அளந்தார்கள். செவ்வாய்க்கிழமை சுண்ணாம்புக் கோடு விழுந்தது. வியாழக்கிழமை ஒருவர் கேமரா உள்ள டேப்லெட்டோடு கணக்கெடுக்க வந்தார். பதிந்தவர்களுக்குத்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் இடம்.

மல்லிகா தன் சாக்கில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். உடனே பக்கத்துச் சாக்குக்கு நகர்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார். இருவரும் முன்பு எடுத்துவைத்த ஆதார் நகல்கள் எங்கள் கடையில்தான் இருந்தன.

"தம்பி, அஞ்சல ஆதார எடு!"

"வேணாம்க்கா. மூஞ்சி தெரிஞ்சிடும்."

"அந்தப் படத்துல அவளப் பெத்தவளுக்கே அவளத் தெரியாது. குடுப்பா."

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வந்தவர் நிமிரவேயில்லை.

"பேரு?"

"அஞ்சலைங்க. நாந்தாங்க."

அவர் பார்க்காததைக் கருவி பார்த்துவிட்டது. மறுவாரம் சுவரில் ஒட்டிய பட்டியலில் இரண்டு பெயருமே இல்லை. அடியில் தனியாக ஒரு வரி: ஒரே முகம், இரட்டைப் பதிவு, இரண்டும் ரத்து. மூன்று மனு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

கால் நகத்தில் நடவுச் சேற்றோடு அஞ்சலை வந்து நின்றார். "நீ சும்மா இருந்திருந்தா ஒனக்காச்சும் நின்னுருக்கும்டி."

"ஆமா, ஒன் எடத்துல எவளாச்சும் வந்து குந்துவா, நான் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு யாவாரம் பண்ணணுமாக்கும்."

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை லாரி வந்தது. சாக்குகளைக் கீரையோடு சுருட்டி ஏற்றினார்கள். அன்றைய டைரியில் ஒரே வரிதான் இருக்கிறது: 'நகல் கொடுத்தவன் நான்.' அதற்குப்பின் இருவரும் எங்கே போனார்கள் என்று குறிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இப்போது அந்த நடைபாதையில் கம்பித் தடுப்பு. அட்டைக்காரர்களுக்குப் புது வளாகத்தில் எண் போட்ட கடைகள், ஷட்டர். போன வாரம் அங்கே ஒரு கடையில் வாழைப்பூ குவிந்திருந்தது, ஆளைக் காணோம். பக்கத்துக் கடை அம்மாவிடம், "யார் கடைங்க இது?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.