காந்த முள்ளும் கைக்கடிகாரமும்

1979 ஏப்ரல். பி.எஸ்சி. கடைசி வருட பிராக்டிகல் பரீட்சை. தேறாவிட்டால் கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பிக் கல்யாணம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

என் வகுப்பில் சந்திராவைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆய்வகத்தில் அவளுக்கு எல்லாம் சரியாக வரும். போதாததற்கு முந்தைய கார்த்திகை தீபத்துக்கு வீட்டில் புது வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு நான் குறைந்தவளா என்று, பரீட்சைக்கு அண்ணனின் இரும்புப் பட்டை வாட்சைக் கட்டிக்கொண்டு போனேன்.

எனக்கு வந்தது டேஞ்சென்ட் கால்வனாமீட்டர். சிறிய மின்சாரத்தைக் காந்த முள்ளின் விலகலால் அளக்கும் கருவி. மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் முள் மறுபுறமும் அதே அளவு விலக வேண்டும். எனக்கு ஒருமுறைகூட ஒத்துவரவில்லை. பக்கத்து மேசையில் சந்திரா முடித்தே விட்டாள். நல்ல கருவியை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வயிறு எரிந்தது.

அவள் என்னைப் பார்த்து மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். நேரமாகிறது என்று கேலி செய்கிறாள் என முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வாட்சக் கழட்டுடி, மக்கு! முள்ளு அதப் பாத்துதான் ஆடுது" என்று கிசுகிசுத்தாள்.

"என்னம்மா அங்க பேச்சு?" என்றார் தேர்வாளர்.

"டைம் கேட்டேன் சார்" என்றாள் சந்திரா.

அப்போதுதான் கவனித்தேன், அவள் கை வெறுமையாக இருந்தது. உள்ளே வருமுன்பே கழற்றி வைத்திருக்கிறாள்.

நானும் கழற்றினேன். முள் அடங்கியது. தேறினேன், அவளுக்குத்தான் மார்க் ஜாஸ்தி. இன்றும் அவளை நினைத்தால், அது எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்ற எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது. நன்றி சற்றுப் பின்னால் வருகிறது.