கப்பலில் வந்த பெட்டி

எங்கள் பெட்டி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அப்படித்தான் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் விமானத்தில் வந்து இறங்கி, அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கியாகிவிட்டது. பெட்டி மட்டும் நடுக்கடலிலேயே இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்பா ஜாம்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தார். நான் அங்கேயே பிறந்து, ஒன்றாம் வகுப்பு வரை அங்கேயே படித்தவள். ஒப்பந்தம் முடிந்தது, ஊர் திரும்பினோம். திரும்பியதும் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சும்மா வந்துவிடக் கூடாது என்பது. பெட்டி பிரிக்க வேண்டும். கூடத்தின் நடுவில் பெட்டியை வைத்து, சொந்தபந்தம் அக்கம்பக்கம் எல்லாம் சுற்றி உட்கார, சோப்பு, சென்ட், டார்ச் லைட், நைலக்ஸ் புடவை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். துபாய், சிங்கப்பூர், ஆப்பிரிக்கா என்கிற வித்தியாசமெல்லாம் யாருக்கும் கிடையாது. எல்லாம் ஃபாரின்.

நாங்கள் இருந்த ஃபாரினில் சோப்புக்கே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு கட்டி கிடைத்தால் அம்மா அதை நூல் போட்டு நான்காக அறுத்து வைப்பாள். எண்ணெய் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அப்பா வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். அப்படிப்பட்ட இடத்திலிருந்து எதைக் கொண்டுவருவது? யானை உருவம் அடித்த ஒரு செம்புத் தகடு, இரண்டு கம்பளி, மரத்தில் செதுக்கிய ஒரு நீர்யானை. இவ்வளவுதான் எங்கள் சீமைச் சரக்கு. வீட்டுக்காரம்மா நீர்யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பன்னி நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா அதை எடுத்து வெளியே வைக்கவே இல்லை.

மற்றவர்களை அப்பா எப்படியாவது சமாளித்திருப்பார். அவருக்கு உறுத்தியது பம்மலில் இருந்த அத்தை. அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அப்பா ஜாம்பியாவுக்குப் புறப்பட்ட அன்று மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு ஒரு வேன் நிறையத் தெரு ஜனங்களை ஏற்றிக்கொண்டு மாலையோடு வந்திருந்தாளாம். அத்தனை பேர் முன்னால் அப்பா, “திரும்பி வரும்போது உனக்குன்னு ஒரு பெட்டி நிறைய கொண்டாரேன்க்கா” என்று சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்திருக்கலாம், தெரு மறக்கவில்லை. இப்போது அத்தை தண்ணி பிடிக்கப் போனாலும் ரேஷன் கடைக்குப் போனாலும், “உன் தம்பி இன்னா எட்தாந்தான்?” என்பதுதான் கேள்வி. அத்தை மட்டும் அப்பாவிடம் ஒரு நாளும் பெட்டியைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவரைப் படுத்தியது. தன்னால் அக்கா அந்தத் தெருவில் தலை குனிய வேண்டிவருமே என்று அப்பா சோறு இறங்காமல் தவித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா காலிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினோம். வெளியே வந்தால் ரோட்டோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். காசு கொடுத்தால் எந்த ஃபாரின் சாமானும் கிடைக்கிற பர்மா பஜார். சாலைக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தின் மதில், அதற்கு மேலே எட்டிப் பார்க்கும் கிரேன்கள்.

“கப்பல் எங்கேப்பா?” என்று கேட்டேன்.

“அதோ, அந்தச் சுவருக்கு அந்தாண்டை” என்றார் அப்பா. பொய் ஒன்றும் இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்து, சாமான்களை இந்தக் கடைகளில் பரப்பி வைத்துவிடுகிறார்கள். அவரவர் வந்து கடை கடையாகத் தேடி அவரவர் பொருளைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். சோப்பு ஒரு கடையில் இருந்தது, சென்ட் இன்னொரு கடையில், டார்ச் லைட் மூன்று கடை தள்ளி. எப்படித்தான் அப்பாவுக்கு எது நம்முடையது என்று தெரிகிறதோ! ஆனால் ஒரு விஷயம் மட்டும் அநியாயமாகப் பட்டது. நம்முடைய பொருளைத் திருப்பி வாங்க இத்தனை பேரம் பேச வேண்டுமா? லுங்கி கட்டிய ஒரு கடைக்காரரிடம் அப்பா கோபித்துக்கொண்டு நடப்பதும், அவர் “சார், சார், வாங்க சார்” என்று கூப்பிடுவதும், அப்பா திரும்பிப் போவதுமாக வெகுநேரம் நடந்தது. கடைசியில் அவர் மெரூன் நிறத்தில், தங்கக் கலர் பூட்டு வைத்த கைப்பை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதைத் தடவிப் பார்த்து, “அக்காவுக்கு இது” என்றார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, கறுப்பு மையில் தன் பெயரையும் கீழே ‘மெட்ராஸ்’ என்றும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினார். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, “இன்னிக்கு எங்கே போனீங்கன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது, தெரிஞ்சுதா?” என்றாள். துறைமுகத்து ரகசியம் என்று நானும் தலையாட்டினேன்.

மறுநாள் ஆட்டோவில் பெட்டியோடு பம்மலுக்குப் போனோம். தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். அத்தை வீட்டின் ஒற்றை அறையில் தெருவே அடைந்து கிடந்தது. முன்வரிசையில் எதிர்வீட்டம்மா. அவளுடைய மகன் துபாயில் இருந்தான், அதனால் அந்தத் தெருவில் ஃபாரினுக்கு அவள்தான் நீதிபதி. அப்பா கயிற்றை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் வாங்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் கொடுத்தாள்.

“எங்க பையன் எட்தாந்த அதே சோப்பு” என்றாள். பாராட்டா, சந்தேகமா என்று தெரியவில்லை. அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாகக் கைப்பை வந்தது. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு பூட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

“இம்மாம் உப்பலா கீதே, உள்ள இன்னா வச்சிக்கிறான்? தொறந்து காட்டேன்” என்றாள் எதிர்வீட்டம்மா.

அத்தை பூட்டைத் திறந்து உள்ளே கைவிட்டாள். கசக்கிய காகிதச் சுருள் ஒன்று பாதி வெளியே வந்தது. பை தொங்காமல் இருப்பதற்காகக் கடைக்காரர் திணித்து வைத்த தினசரித் தாள். அதில் தமிழ் எழுத்துகள்! எனக்கு வாய் சும்மா இருக்காது. ஊருக்கு வந்த நாளிலிருந்து அம்மா சுவர் விளம்பரங்களைக் காட்டிக் காட்டித்தான் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கண்ணில் படுகிறதையெல்லாம் நான் சத்தமாகப் படித்துவிடுவேன்.

“தா... ம்... ப...” என்று ஆரம்பித்தேன்.

“கண்ணு, வாயத் தொற” என்றாள் அத்தை. வந்தவர்களுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு முழு ஜாங்கிரி என் வாய்க்குள் போனது. காகிதம் பைக்குள் போனது. டக்கென்று பூட்டு விழுந்தது.

“இன்னா பேப்பர் அது?” என்றாள் எதிர்வீட்டம்மா, விடாமல்.

“அந்தூர் பேப்பர்க்கா. பை நசுங்காம இருக்க வச்சிக்கிறானுங்க. எழுத்தப் பாத்தியா? ஜிலேபி சுத்துனாப்ல கீது. யாருக்கு அதெல்லாம் படிக்கத் தெரியும்?” என்ற அத்தை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். “எப்டிக் கீது? என் தம்பி அம்மாந்தூரத்துல இருந்து எனுக்குன்னு பாத்து எட்தாந்துக்கிறான்!”

தெரு மொத்தமும் நன்றாயிருக்கிறது என்றது. எதிர்வீட்டம்மாவும் சொன்னாள். அப்பா மட்டும் எழுந்து பின்பக்கம் போனார். குழாயடியில் முகம் கழுவுகிறார் என்று சத்தத்தில் தெரிந்தது. கழுவிக்கொண்டே இருந்தார்.

வாய் நிறைய ஜாங்கிரியோடு நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அது அந்த ஊர் எழுத்தே இல்லை. ஜாம்பியாவில் நான் பார்த்த பேப்பர் எல்லாம் ஆங்கிலம். இது சுத்தத் தமிழ். அத்தை எப்படி இதை... அப்போதுதான் எனக்குச் சுரீரென்று பட்டது. ஐயோ, அத்தைக்குப் படிக்கத் தெரியாது! தமிழ் எழுத்தைப் பார்த்து வேற்றூர் எழுத்து என்று நினைத்துவிட்டாள். நான் படித்துக் காட்டினால் தெரு முன்னால் அவமானம் என்றுதான் வாயை அடைத்தாள். என் கோபம் அந்த இடத்திலேயே கரைந்துபோய், அத்தை மேல் அப்படி ஒரு பரிதாபம் வந்தது.

இந்த ரகசியத்தையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அத்தையோடு வெளியே போனால், அவள் கேட்பதற்கு முன்பே பஸ் போர்டைக் காதோரம் மெல்லப் படித்துச் சொல்லிவிடுவேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் பெயர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுவேன். மெரூன் பையை மடியில் வைத்துக்கொண்டு, “அப்டியா கண்ணு? இன்னும் இன்னா போட்டுக்கீது?” என்று கேட்டுக்கொள்வாள். ஒரு தடவைகூடத் தனக்குத் தெரியும் என்று சொன்னதில்லை. அவள் மானத்தை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஏகப்பட்ட பெருமை. அப்பாவைத் தன் மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததே அந்த அத்தைதான் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.