எட்டாத காது

இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு புதன்கிழமை காலை மட்டும் எனக்கு நாலு வயதாக இருந்தது. ஏற்பாடு அம்மாவுடையது.

பொங்கலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எண்பதுகளின் பின்பாதி. அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் அவன் வெட்டுத்துணிக் குவியலுக்குள் தூங்கிவிட்டான். வேஸ்ட் எடுக்க வந்தவர்கள் மூட்டையோடு மூட்டையாக அவனையும் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். தும்மியதால் கிடைத்தான். மறுநாளிலிருந்து குழந்தைகள் கம்பெனிக்குள் வரக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதன்பின் தம்பி என் பொறுப்பு. பள்ளிக்கூடம் வாரத்தில் ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்று ஆனது. எனக்கு அதில் வருத்தமில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு வாய்க்கால்வரை போய்வரலாம். வாய்ப்பாடு கேட்க ஆளில்லை.

கம்பெனிக்குப் போகும் பெண்கள் சேர்ந்து, ஊருக்கு ஒரு பால்வாடி வேண்டும் என்று மனுப் போட்டார்கள். பிள்ளை வளர்க்கவும் கவர்மெண்டா வரும் என்று பஞ்சாயத்தில் ஒருவர் கேட்டாராம். ரோடு போட மட்டும் வருதுங்களே என்றாளாம் அம்மா. அப்பா இதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை எண்ணிப் பார்க்க ஓர் அதிகாரி அம்மா வருவதாகத் தகவல் வந்தது. போதுமான பிள்ளைகள் இருந்தால் பால்வாடி, இல்லையென்றால் இல்லை. அம்மா வீடு வீடாகப் போய் எண்ணினாள். ஒரு பிள்ளை குறைந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வயதுக்குக் குள்ளம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வயதுக்குச் சான்று காதுதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் காது எட்டுவதற்குப் பயிற்சி கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் எட்டாமல் இருப்பதற்குக் கொடுத்தார்கள். முழங்கையை மடக்கி, விரல்களை உச்சந்தலையோடு நிறுத்திவிட வேண்டும். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று சாயங்காலம் ஒத்திகை நடந்தது.

"ஊருல எல்லாரும் புள்ளைய மேல படிக்க வெக்கறாங்க. நீ கீழ படிக்க வெக்கற" என்றார் அப்பா.

தம்பி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதையும் விளக்கவில்லை.

புதன்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார்கள். அதிகாரி அம்மா எண்ணி முடித்தார். கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் பார்வை என்மேல் நின்றது. காதைத் தொடச் சொன்னார். கை உச்சந்தலையோடு நின்றது. ஒத்திகையைவிட நன்றாகவே செய்தேன்.

தம்பி எழுந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. தலையைத் தோள்வரை சாய்த்து, மூச்சைப் பிடித்து, காது நுனியை எப்படியோ பிடித்துவிட்டான்.

"எனக்கு எட்டிருச்சு. அக்காளுக்கு எட்டல."

அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் நாக்கைத் துருத்திக் காட்டினான். மூன்றரை வயதுப் பையனிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை.

"நான் ரெண்டாங்கிளாஸ்" என்று சொல்லி, காதை முழுதாகப் பிடித்துத் திருகிக் காட்டினேன். பல் இல்லாத இடமும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அம்மா எழுந்து முன்னால் வந்தாள்.

"ஒரு புள்ள குறைஞ்சுதுங்க. அதுக்குத்தான் இவளக் கொண்டாந்து உக்கார வெச்சனுங்க. தப்புத்தானுங்க. ஆனா நான் கம்பெனிக்குப் போனாத்தான் எங்கூட்டுல அடுப்பு எரியுமுங்க. நான் போனா, இவ பள்ளிக்கூடம் போக முடியறதில்லீங்க."

அதிகாரி அம்மா தூண் பக்கம் திரும்பினார். தம்பி தங்கைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தூணோரம் நின்ற பெண்பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என்ன வகுப்பு என்று கேட்டார். மூணாங்கிளாஸ். நாலாங்கிளாஸ். மூணாங்கிளாஸ்.

"இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"

"இருக்குதுங்க. தம்பியும் இருக்கானுங்க" என்றாள் ஒருத்தி.

நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, எங்கள் பெயர்களை வரிசையாக எழுதினார். முதல் பெயர் என்னுடையது. குற்றவாளிகள் பட்டியல் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஜூன் மாதம் பால்வாடி வந்தது, ஒரு பிள்ளை குறைவாகவே. எங்கள் பெயர் எழுதிய அந்தப் பக்கத்தையும் மனுவோடு சேர்த்து மேலே அனுப்பினாராம். தம்பிக்குச் சத்துமாவு உருண்டையும் மத்தியானத் தூக்கமும். எனக்கு ஒருநாள் விடாமல் பள்ளிக்கூடம். காதைத் தொட்டதற்கு அம்மா கொடுத்த தண்டனை இது என்றுதான் எடுத்துக்கொண்டேன். அழுதும் பார்த்தேன், குறைக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அனுபவித்தேன்.