பெண் பார்க்கப் போன சிவப்புக் கார்

போன மாதம் கடலூருக்குப் போகும் வழியில் என் மருமகனின் கார் நின்றுவிட்டது. இறங்கி மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். பிறகு செல்போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

"கரண்ட் வருதா, பெட்ரோல் வருதான்னு பாத்தீங்களா மாப்ள?" என்றேன்.

என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும். நான் மூன்றாவது வரைதான் படித்தவள். ஆனால் எட்டு வயதில், ஒரு பந்தயக் கார் ஏன் நின்றது என்று கண்டுபிடித்துச் சொன்னவள்.

அது என் தாய்மாமாவின் கார். பாண்டிச்சேரியைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மாமா வாங்கியது. சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டு பேர் உட்காரலாம். மாமா கடலூரில் ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக். கார் ஓடிய நாட்களைவிட வாசலில் பிரித்துப் போட்டிருந்த நாட்கள்தான் அதிகம். வேலை செய்யும்போது மாமா பேசிக்கொண்டே செய்வார். கேட்க என்னைத் தவிர ஆள் கிடையாது.

வண்டி நின்றால் பதறக் கூடாது. முதலில் கரண்ட். பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுரண்ட வேண்டும். பிளக்கின் வயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தால் நீலமாகப் பொறி தெறிக்க வேண்டும். தெறித்தால் கோளாறு கரண்டில் இல்லை, பெட்ரோலில். டாங்கியில் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா, வழியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டைவிட இது எனக்குச் சுலபமாக ஏறியது.

அந்த வருஷம் சிதம்பரத்தில் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பிடித்துப்போனது தாத்தாவுக்கு. மாமாவின் மனசோ கடலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்த, சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பெண்ணிடம் இருந்தது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பதில் எங்கள் வீட்டார் கெட்டிக்காரர்கள். மாமா ஒருமுறை வாயைத் திறந்ததற்கு, தாத்தா சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் பெண் கூடத்துக்கு வந்து கும்பிட்டுவிட்டால் அப்போதே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதென்று பேச்சு. அதற்குப் பிறகு மாமா தப்ப முடியாது.

தாத்தாவும் மற்றவர்களும் தட்டுகளோடு ரயிலில் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினால்தான் கௌரவம் என்று சொன்னதும் தாத்தாதான். மாமா ஓட்ட, பக்கத்தில் அம்மா, அம்மா மடியில் நான்.

புவனகிரி தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது, மாமாவின் கை என் காலடிப் பக்கம் இறங்கியதைப் பார்த்தேன். பெட்ரோல் குழாயின் திருகு அங்கேதான் இருந்தது. பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமியது, குலுங்கியது, ஒரு புளியமரத்தடியில் நின்றது.

"இது வேறயா!" என்று மாமா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். காலையில்தான் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த பேட்டரி முனையை மறுபடி சுரண்டினார். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போலத் துடைத்தார். நீலப் பொறி நன்றாகவே தெறித்தது. "கரண்ட் நல்லாத்தான் இருக்கு" என்று கவலைப்பட்டார். வண்டியை ஆட்டினார், டாங்கியில் பெட்ரோல் தளும்பியது. அதற்கும் கவலைப்பட்டார். பிறகு மறுபடியும் பேட்டரிக்குப் போனார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா, கொழாய் மூடியிருக்கு. நீதான மூடுன!"

மாமா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து திருகைப் பார்த்தாள். பிறகு முந்தானையை அதன்மேல் படும்படி சரியவிட்டு, நேராக உட்கார்ந்துகொண்டாள்.

"வாய மூடிக்கிட்டுக் குந்து. மெக்கானிக்குக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிடுச்சாம்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரம் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. டிரைவர் குதித்து வந்தார்.

"என்னா மச்சான், காரு சண்டித்தனம் பண்ணுதா? பெட்ரோல் கொழாய பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு" என்றார் மாமா.

டிரைவர் தானே பார்க்கக் குனிந்தார். அம்மா காலை நகர்த்தவில்லை.

"பொம்பள குந்தியிருக்கற எடத்துல கைய வுடறீங்களேண்ணே?"

அவர் சுருக்கென்று பின்வாங்கினார். "அதுக்கில்லம்மா... சிதம்பரந்தான் போறேன். ஏறிக்குங்க, எறக்கி வுட்டுடறேன்."

"பட்டுப்பொடவ. பலாப்பாலு பட்டா போவாதுண்ணே. நீங்க கெளம்புங்க."

லாரி போய் வெகுநேரம் கழித்து மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராவுகாலம் பொறந்துடுச்சுக்கா."

"அப்ப இனிமே வண்டிய எடுத்துப் பாரு" என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மாமா திருகைத் திறந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார். வண்டி உடனே கிளம்பியது.

ராகுகாலத்தில் பெண்ணைக் கூடத்துக்கு அழைக்க மாட்டோம் என்று சிதம்பரத்தில் சொல்லிவிட்டார்கள். முடியட்டும், காத்திருக்கிறோம் என்றார் தாத்தா. பெண்ணின் அப்பா, வழியில் வண்டியை மறித்த சம்பந்தமே வேண்டாம் என்றார். தாத்தாவும் அடங்கிப்போனார். சகுனத்துக்கு எதிராகப் பட்டினி கிடக்க முடியுமா? அடுத்த தையில் மாமா நர்ஸைக் கட்டிக்கொண்டார். தாத்தா வழக்கம்போலப் படுத்தார். அத்தையே ஊசி போட்டு எழுப்பினாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தை. கூடத்தில் பெரியவர்கள் சகுனம் பேசிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். உள் அறையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டு, முகத்தில் பவுடர், தலை நிறைய மல்லிகை. பக்கத்தில் ஆறிப்போன பஜ்ஜி.

"வண்டி எங்க நின்னுச்சு?"

"வெள்ளாத்துப் பாலத்தாண்ட."

"என்னா கோளாறாம்?"

கடைசியில் என்னையும் ஒருத்தி கேட்டாளே! பேட்டரி, பிளக், நீலப் பொறி என்று ஒன்று விடாமல் சொன்னேன். "கோளாறே இல்லக்கா. பெட்ரோல் கொழாய மூடிட்டா எந்த வண்டியும் நிக்கும்."

"யாரு மூடுனது?"

"எங்க மாமாதான்."

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். கூடத்தில் அவள் அப்பாவின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. தலையிலிருந்த பூவை அப்படியே எடுத்து, என்னைத் திருப்பி உட்காரவைத்து, என் குட்டை ஜடையில் செருகினாள்.

"ஒங்களுக்குக்கா?"

"எனக்கு எதுக்கு? நீயே வெச்சிக்க."

கூரையில்லாத காரில் காற்று பூவைப் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா மதிக்காவிட்டால் என்ன, மோட்டார் விஷயம் தெரிந்தவள் என்று சிதம்பரத்தில் ஒருத்தி எனக்குப் பரிசு கொடுத்திருக்கிறாளே என்று கடலூர் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்தியபடி வந்தேன்.